குரலைத் தாங்கும் எஃகுத் தகடு

குரலுக்கு முழக்கம் சேர்க்கும் ரீவெர்ப் பிளக்-இன் தேடும்போது என் கை முதலில் போவது பிளேட் வகைக்குத்தான். கச்சேரி அரங்கு, தேவாலயம், கல் மண்டபம் என்று எத்தனையோ அருமையான இடங்களின் ஒலி இன்று கணினிக்குள்ளேயே கிடைக்கிறது. ஆனாலும், எந்த இடத்தையும் சேராத ஓர் எஃகுத் தகட்டின் ஒலியில்தான் குரல் அழகாக உட்காருகிறது.

1957-இல் ஜெர்மனியில் வந்த இஎம்டி 140 தான் இந்த வகையின் தாய். சுமார் 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் உயரம், அரை மில்லிமீட்டர் கனத்தில் ஒரு தகடு. அதைச் சட்டத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டி, பாட்டைச் செலுத்தி அதிரவைத்து, அந்த அதிர்வை பிக்கப் வழியாகத் திரும்ப எடுத்தார்கள். நிஜ அறையில் சுவரில் பட்ட முதல் எதிரொலிகள் தனித்தனியாக வரும். அவைதான் அறையின் அளவைக் காதுக்குச் சொல்கின்றன. தகட்டில் அந்தச் சேதியே கிடையாது. எடுத்த எடுப்பிலேயே ஒலி அடர்ந்துவிடுகிறது. எஃகில் உச்ச அதிர்வெண்கள் முந்திக்கொண்டு ஓடுவதால் தொடக்கத்தில் ஒரு மினுமினுப்பும் சேர்கிறது. குரல் கனக்கிறது, ஆனால் நம்மைவிட்டு விலகிப் போவதில்லை.

யுனிவர்சல் ஆடியோவின் இஎம்டி 140 பிளக்-இன்னில், கலிபோர்னியாவின் பிளான்ட் ஸ்டுடியோவில் இருந்த மூன்று தகடுகள் உண்டு. மூன்றும் ஒரே மாடல். ஒலியோ மூன்று விதம். பாடகரின் மூக்கொலிக்கு எது இதம் என்று மாற்றி மாற்றிக் கேட்பது தனிச் சுகம். வால்ஹல்லா பிளேட் என்னும் பிளக்-இன்னோ எந்தத் தகட்டையும் நகலெடுக்காமல் கணக்கிலேயே பிறந்தது. விலை 50 டாலர். அந்த விலைக்கு இவ்வளவு வழவழப்பான ரீவெர்ப் வால் கிடைப்பதை நான் கொடை என்றே சொல்வேன்.

நிஜ இடங்களைப் பதிவுசெய்து தரும் கன்வல்யூஷன் வகையையும் நான் ரசிக்கிறேன். இஸ்தான்புல் ஹாகியா சோஃபியாவில் பலூன்களை வெடித்து, அதன் பதினொரு விநாடி முழக்கத்தை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் பிடித்து வந்தார்கள். அந்த முழக்கத்துக்குள் பைசாந்தியப் பாடல்கள் ஒலிக்கும்போது சிலிர்க்கிறது. அவை அப்படிப்பட்ட இடத்துக்கென்றே நிதானமாக நகரும் இசை. நம் பாட்டை அங்கே கொண்டுபோனால் கதையே வேறு. தோடி ராகத்தின் காந்தாரம் அசைந்தபடி இருக்க, அது முன்பு தொட்ட இடமெல்லாம் வாலாக நீண்டு அதன் மேலேயே படிகிறது, கமகம் கலங்கிவிடுகிறது. கமகம் நிறைந்த குரல் என்றால் ரீவெர்ப் நீளத்தில் ஒன்றரை விநாடிக்கு மேல் நான் போவது அபூர்வம்.

நீளத்துக்குச் சமமாக நான் பார்ப்பது, ரீவெர்ப் தொடங்குவதைத் தள்ளிவைக்கும் ப்ரீ-டிலே. 40 மில்லிவிநாடி தள்ளிவைத்தால் சொல்லின் முதல் எழுத்து ஈரம் படாமல் வந்துவிடும்; ரீவெர்ப் உயிரெழுத்தின் நீட்டலில்தான் ஒட்டும். வல்லினம் பளிச்சென்று விழவேண்டிய தமிழ்ப் பாட்டுக்கு இது பெரிய உதவி. லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவில் ரீவெர்புக்குப் போகும் ஒலியில் 600 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 10,000 ஹெர்ட்ஸுக்கு மேலும் வெட்டிவிடும் வழக்கம் உண்டு. இன்றும் அதை மிஞ்சிய உபாயம் எனக்குத் தெரியாது. கீழே குழையாது, மேலே சகரம் சீறாது.

புதிய பிளக்-இன் எதுவானாலும் அதன் வாலின் கடைசி அரை விநாடியை மட்டும் சத்தம் கூட்டிக் கேட்பேன். ஒரே சுருதியில் கிணுகிணுவென்று இழுத்தால் உடனே மூடிவிடுவேன். எந்தச் சுருதியிலும் சாயாமல் மெல்லத் தேய்ந்தால், பிறகு பாட்டோடு வைத்து, ரீவெர்ப் தனியாகக் காதில் படும்வரை ஏற்றி, அங்கிருந்து சிறிது இறக்குவேன். சின்தசைசருக்கு மட்டும் இந்தக் கறார் வேண்டாம். அங்கே 1978-இன் லெக்சிகன் 224 ரீவெர்ப் பெட்டியின் வழிவந்த பிளக்-இன்களை எவ்வளவு நீளமாகவும் விடலாம். வான்ஜெலிஸ் பிளேடு ரன்னர் படத்துக்கு அந்தப் பெட்டியைக் கொண்டு எழுப்பிய நகரம் இன்னும் முழங்கிக்கொண்டிருக்கிறது.