உறை பிரிக்காத செல்டா

2021 ஜூலையில் 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா' கேட்ரிட்ஜ் ஒன்று அமெரிக்காவில் 8,70,000 டாலருக்கு ஏலம் போனது. நின்டெண்டோவின் என்.இ.எஸ். கன்சோலுக்காக 1987இல் வந்த கேம். உறைகூடப் பிரிக்கப்படாதது. யாரும் ஒருமுறைகூட ஆடவில்லை என்பதற்கும் சேர்த்துத்தான் அந்த விலை.

எனக்கு இடிப்பது இங்கேதான். செல்டா ஒரே மூச்சில் முடிக்கிற கேம் இல்லை. விட்ட இடத்திலிருந்து நாளைக்குத் தொடரணும். அதற்காக கேட்ரிட்ஜுக்குள் 8 கேபி நினைவகம் இருக்கிறது. மின்சாரம் நின்றால் எல்லாவற்றையும் மறந்துவிடும் வகை. மறக்காமல் பார்த்துக்கொள்வது போர்டில் பற்றவைத்த ஒரு 3 வோல்ட் வட்ட பேட்டரி. ஆடினாலும் ஆடாவிட்டாலும் அது தீர்ந்துகொண்டேதான் இருக்கும், உறைக்குள்ளும். மாற்றணும்னா உறையைக் கிழிக்கணும். கிழித்தால் விலை போச்சு. ஆக, அங்கே பத்திரமாக இருப்பது அட்டைப்பெட்டி, கேம் இல்லை.

கீறல் விழுந்த பழைய கேட்ரிட்ஜ் வேறு மாதிரி. ஆன் செய்தால், முன்பு ஆடிய யாரோ ஒருவர் வைத்த பெயர் திரையில் வரலாம். கூடவே எத்தனை முறை செத்தார் என்ற கணக்கும். பேட்டரியைக் கழற்றினால் அந்தப் பெயர் அழியும். கழற்றாவிட்டாலும் ஒருநாள் அழியும்.

என் கையில் கிடைத்தால் பெயரை ஒரு தாளில் குறித்துக்கொண்டு பேட்டரியை மாற்றிவிடுவேன். பிறகு என் பெயரைப் போட்டு ஆட ஆரம்பிப்பேன். சாவுக் கணக்கு எப்படியும் சீக்கிரமே ஏறிவிடும்.