நெடுநல்வாடையில் வானும் மனையும்

பண்டை மக்கள் எழுப்பிய பெருங்கட்டடங்கள் சில வானத்தை நோக்கியே நிறுத்தப்பெற்றன என்பது ஆராய்ச்சியாளரிடையே வேரூன்றிய கருத்தாகும். எகிப்து நாட்டுக் கீசாவில் கி.மு. 26ஆம் நூற்றாண்டில் கூபு மன்னனுக்கென எழுப்பப்பெற்ற பிரமிடின் பக்கங்கள், நாற்றிசைகளினின்றும் ஏறத்தாழ 4 கலை அளவே பிறழ்ந்துள்ளன. கலை என்பது பாகையை 60 கூறிட்டதில் ஒரு கூறு. இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்சுக் கல்வட்டத்தின் நடுக்கோடு, ஆண்டின் மிக நீண்ட பகலில் ஞாயிறு எழும் திசையையும் மிகக் குறுகிய பகலில் அது மறையும் திசையையும் தழுவிச் செல்கின்றது. அயர்லாந்தின் நியூகிரேஞ்சுக் கல்லறை மேட்டில், மிகக் குறுகிய பகலையொட்டிய நாள்களில், காலைக் கதிர் வாயிலின் மேலுள்ள சிறு திறப்பின் வழியே புகுந்து உள்ளறையை எட்டுகின்றது. இதனை 1967இல் அகழாய்வாளர் மைக்கேல் ஓ கெல்லி நேரிற் கண்டார்.

இக்கட்டடங்கள் வானை நோக்குகின்றன என்பது தெளிவு. அவற்றைக் கட்டியோர் எம்முறையால் அங்ஙனம் நிறுத்தினர் என்பதோ தெளிவன்று. ஸ்டோன்ஹெஞ்சையும் நியூகிரேஞ்சையும் ஆக்கியோர் எழுத்து விட்டுச் சென்றாரல்லர். கீசாவின் திசையமைப்பைப் பற்றிக் கேட் ஸ்பென்சு என்னும் அறிஞர் 2000ஆம் ஆண்டில், வடவானத்து விண்மீன்கள் இரண்டு ஒரே நேர்க்கோட்டில் நிற்கும் அமயத்தைக் கொண்டு அது வரையப்பெற்றது என்றார். பகலும் இரவும் ஒத்த நாளில் நிழற்கோலைக் கொண்டு வரையப்பெற்றது என்பர் வேறு சிலர். இவ்வழக்கைத் தீர்க்கக் கூபுவின் காலத்து எழுத்துச் சான்று கிடைத்திலது. மன்னன் விண்மீனை நோக்கிக் கயிறு பிடித்துக் கோயில் எடுத்தான் என்று விளக்கமாகக் கூறும் எட்ஃபூக் கோயிற் கல்வெட்டுகள், அக்கோயிலின் பணி கி.மு. 237இல் தொடங்கிய பின்னர்த் தோன்றியவை. அவை கீசாவுக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பிற்பட்டன. ஆங்கெல்லாம் கட்டடம் நிற்கின்றது. அதனை எடுத்தோர் சொல் இல்லை.

தமிழில் நிலைமை இதற்கு நேர்மாறானது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை, ஓர் அரண்மனைக்குத் திசை கண்ட முறையைத் தன் காலத்துச் சொல்லாலேயே எடுத்துரைக்கின்றது. அவ்வரண்மனையோ இன்று இல்லை. கீழடியில் 2015 முதல் நிகழ்ந்துவரும் அகழாய்வில் செங்கற் கட்டுமானங்கள் பல வெளிப்பட்டுள்ளன. எனினும் நக்கீரர் பாடிய மனை இதுவே எனச் சுட்டத்தக்கது யாண்டும் கிடைத்திலது. ஆகலின் ஈண்டு நமக்கு எஞ்சியது சொல் ஒன்றே. அச்சொல் எதனைக் கூறுகின்றது, எதனைக் கூறவில்லை என்று வரையறுப்பதும், அது பாட்டினுள் என்ன பணி செய்கின்றது என்று காண்பதும் இக்கட்டுரையின் நோக்கங்களாம்.

188 அடிகளால் ஆகிய இப்பாட்டில், 72ஆம் அடி முதல் 78ஆம் அடி வரை உள்ள பகுதியே ஈண்டுக் கருதப்படுவது. அதன் பொருள் பின்வருமாறு: ஞாயிற்றின் மண்டிலம் இரண்டு கோல்களால் குறித்த நிலையினின்று வழுவாது மேற்குநோக்கிச் செல்லுங்கால், அஃது ஒரு பக்கமும் சாராத நடுப்பகற் பொழுதில், நூலறிந்த வல்லோர் நுட்பமாகக் கயிறிட்டுத் திசைகளைக் கொண்டு, தெய்வத்தை நோக்கி, மன்னர்க்கு ஏற்ப மனையை வகுத்தனர்.

இதன்கண் நான்கு செய்திகள் தெளிவாக உள்ளன. கருவி கோல், காலம் நடுப்பகல், செயல் கயிறிடுதல், செய்வோர் நூலறிந்தோர். இந்நான்கும் கட்டடத் தொழிலின் உண்மை நடைமுறையோடு ஒத்துச் செல்கின்றன. காத்தியாயன சுல்ப சூத்திரம் நிழற்கோல் நாட்டித் திசை காணும் முறையைக் கூறுகின்றது. சமநிலத்தில் கோலை நிறுத்தி, அதன் அளவினதாகிய கயிற்றால் வட்டமிட்டு, முற்பகலில் கோலின் நிழல்முனை வட்டத்தைத் தொடும் இடத்தையும் பிற்பகலில் தொடும் இடத்தையும் குறித்து, இரண்டையும் இணைத்தால் கிழக்கு மேற்குக் கோடு கிடைக்கும். மயமதம், மானசாரம் முதலிய சிற்ப நூல்களும் நிழற்கோலால் திசை காணுதலைப் பேசுகின்றன. இரண்டு கோல்கள் என்று நக்கீரர் கூறுவதால், அவர் காலத்து முறை இதனோடு முற்றும் ஒன்றெனக் கொள்ளல் வேண்டா. ஞாயிறு ஒருபாற் சாயாத நடுப்பொழுதை அடிப்படையாகக் கொண்டமையில் இரண்டும் ஒக்கும் என்பதே போதும். எகிப்தியரும் கயிறிட்டனர், தமிழரும் கயிறிட்டனர் என்பது கொண்டு ஒருவரிடமிருந்து மற்றவர் கற்றனர் என்றலும் பொருந்தாது. நேர்க்கோடு வேண்டுவார் எந்நாட்டினராயினும் கயிற்றையே நாடுவர்.

செய்வோரைக் குறிக்கும் சொல்லும் நோக்கத்தக்கது. நூல் என்னும் சொல் தமிழில் இழையையும் குறிக்கும். கல்வி நூலையும் குறிக்கும். மரத்தின் கோட்டத்தைத் தீர்க்கும் தச்சனின் நூலை, மனக்கோட்டம் தீர்க்கும் நூலுக்கு நன்னூலார் உவமையாக்கினார். நூலறிந்தவர் கையில் கயிறு இருக்கக் காட்டும் நெடுநல்வாடையில் அவ்விரு பொருளும் ஓரிடத்து நிற்கின்றன. வான அறிவு ஈண்டுத் தனிக்கலையாக நில்லாது தொழிலறிவாக நிலத்தில் இறங்குகின்றது.

இனி உரைக்கு வருவோம். நச்சினார்க்கினியர் இப்பகுதிக்குப் பொருள் கூறுங்கால், சித்திரைத் திங்களின் நடுப்பத்து நாள்களுள் ஒன்றில், பதினைந்தாம் நாழிகையில் இது நிகழ்ந்ததாக உரைப்பர். பதினைந்தாம் நாழிகை நடுப்பகலாதலின், அது பாட்டின் சொல்லுக்கு இயைந்ததே. சித்திரை என்பதோ பாட்டில் இல்லை, உரையிலேயே உள்ளது. உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டை இவ்வுரையுடன் 1889இல் பதிப்பித்தது முதல், பாட்டும் உரையும் ஒருங்கே பயிலப்பட்டு வருதலின், இத்திங்களைப் பாட்டின் செய்தியாகவே எடுத்தாளும் வழக்கம் ஏற்பட்டுவிட்டது. சங்க காலத்தார் ஞாயிறு தலைக்குமேல் நிற்கும் நாளைத் துல்லியமாகக் கணித்தனர் என்பதற்கு இதனைச் சான்று காட்டுவாரும் உளர். இக்கூற்றை அளந்து பார்த்தல் இன்றியமையாதது.

மதுரை வடக்கே ஏறத்தாழ 9.9 பாகையில் உள்ளது. அந்நகரில் ஞாயிறு உச்சியில் நேராக நின்று கோலின் நிழல் அடியில் மறைவது ஆண்டில் இருமுறை. முதன்முறை ஏப்பிரல் 16ஆம் நாளை ஒட்டி நிகழ்வது. இக்காலத்துச் சித்திரை ஏப்பிரல் 14ஆம் நாளை ஒட்டிப் பிறத்தலின், அந்நாள் இன்று சித்திரை மூன்றாம் நாள் அளவில் அமையும். அது நடுப்பத்தன்று. ஆயின், நம் சூரிய ஆண்டு விண்மீன்களைக் கொண்டு அளப்பது; பருவங்களின் ஆண்டைவிடச் சிறிது நீண்டது. அதனால் 60 முதல் 70 ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் திங்கட்பிறப்பு பருவத்தினின்றும் பின்தள்ளிச் செல்கின்றது. நச்சினார்க்கினியர் வாழ்ந்ததாகக் கருதப்படும் 14ஆம் நூற்றாண்டுக்கு இக்கணக்கைப் பின்னோக்கிச் செலுத்தினால், ஒன்பது முதல் பதினொரு நாள் வேறுபாடு தோன்றும். அப்பொழுது மதுரையில் ஞாயிறு உச்சியில் நின்ற நாள் சித்திரை 12க்கும் 14க்கும் இடைப்பட்டதாகும். உரையாசிரியர் கூறிய நடுப்பத்தினுள் அது செவ்வனே அடங்குகின்றது.

பாட்டின் காலத்துக்கு, அஃதாவது கி.பி. முதல் மூன்று நூற்றாண்டுகளுக்கு, அதே கணக்கைச் செலுத்தினால் விளைவு வேறாகும். அன்று சித்திரை இதே முறையில் எண்ணப்பட்டதெனக் கொண்டாலும், உச்சி ஞாயிற்றின் நாள் சித்திரையின் இறுதிக்கோ வைகாசியின் தொடக்கத்துக்கோ சென்றுவிடும், நடுப்பத்தில் நில்லாது. எனவே நச்சினார்க்கினியர் கூறிய திங்கள் அவர்தம் காலத்து வானத்துக்குப் பொருந்துவது. நக்கீரர் காலத்து வானத்துக்குப் பொருந்தாதது.

இதனால் உரையாசிரியர்க்கு இழுக்கில்லை, பெருமையே உண்டு. தம் காலத்து மனைநூல் வல்லோரின் வழக்கை அறிந்து, அதனைக் கொண்டு பழம்பாட்டுக்கு விளக்கம் தந்தார் எனக் கொள்ள இது இடந்தருகின்றது. அவர் கூறிய நாளுக்குத் தொழில் முறையிலும் காரணம் உண்டு. உச்சி ஞாயிற்று நாளில், நடுப்பகலுக்கு அரைமணி முன்னும் பின்னும் நிழல் கிழக்கு மேற்குக் கோட்டினின்று ஒரு பாகைக்கும் குறைவாகவே விலகும். கோல் செங்குத்தாக நிற்கின்றதா என்பதும் நிழல் மறையும் கணத்தில் தெரிந்துவிடும். ஆயினும் அவ்வறிவை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பின்னே கொண்டு சென்று நக்கீரர்மேல் ஏற்றுதல் முறையன்று. பாட்டு கூறுவது நடுப்பகல் ஒன்றே. ஒரு பக்கமும் சாராமை என்பது கிழக்கும் மேற்கும் சாராமை எனக் கொண்டால் எந்நாளின் நடுப்பகலுக்கும் அது பொருந்தும். இவ்வளவே பாட்டால் பெறப்படும், இவ்வளவும் சிறிதன்று. கீசாவைக் கட்டியோரிடம் நாம் கேட்டுப் பெற முடியாத விடை இதுவே அன்றோ!

இனி, இப்பகுதி பாட்டுக்கு வேண்டுவதா என்னும் வினா எஞ்சுகின்றது. தலைவி பிரிவால் வருந்துகின்றாள், தலைவன் பாசறையில் உளன். இடையே மனை வகுத்த முறையை இத்துணை விரித்துரைப்பது கதையின் போக்கைத் தடுக்கும் வருணனையே என்று கூறுதல் எளிது. பாட்டில் வானம் எங்கெங்கு வருகின்றது என்று தொடர்ந்து நோக்கின், இக்கூற்று நில்லாது.

பாட்டின் தொடக்கத்திலேயே மேகம் உலகை வளைத்து எழுந்து மழை பொழிகின்றது. ஞாயிறு தோன்றுவதில்லை. மனையிலுள்ள புறாக்கள் இரவு இது பகல் இது என்று அறியாது மயங்கி, மன்றிற் சென்று இரை தேராது இருக்கின்றன. மாலைப்பொழுது வந்ததை மகளிர் வானைக் கண்டு அறியவில்லை. தட்டில் இட்டுவைத்த பித்திக அரும்புகள் விரிந்து மணம் வீசியதனால் அறிந்து விளக்கேற்றுகின்றனர். வானம் மறைந்த நாளில் பொழுதைக் காட்டுவது பூவே. இங்ஙனம் ஞாயிறு அறவே மறைந்த ஓர் உலகை முதலிற் காட்டிவிட்டு, அதன் பின்னரே ஞாயிறு தெளிவாக ஒளிர்ந்த ஒரு நடுப்பகலைப் புலவர் நினைவூட்டுகின்றார். அப்பகல் நிகழ்காலத்தது அன்று. மனைக்குக் கயிறிட்ட நாளைச் சார்ந்தது. அன்று கொண்ட திசை சுவரில் நிலைத்து நிற்கின்றது. அதனை அளித்த ஒளியோ இன்று இல்லை.

இறுதிப் பகுதியில் வானம் மீண்டும் வருகின்றது, இம்முறை ஓவியமாக. அரசியின் கட்டிலுக்கு மேல் கட்டிய மெழுகிட்ட துணியில், ஆட்டை முதலாகக் கொண்டு சுழலும் மண்டிலத்து ஞாயிறும், திங்களோடு பிரியாது நிற்கும் உரோகிணியும் எழுதப்பட்டுள்ளன. அரசி அவ்வுரோகிணியை நோக்கிப் பெருமூச்செறிகின்றாள். அரண்மனையின் அடித்தளம் வானைக் கொண்டு வகுக்கப்பட்டது; அதன் உட்கூரையில் வானமே எழுதப்பட்டது. கீழும் மேலும் ஒழுங்கு நிறைந்த அம்மனையினுள் ஒழுங்கு குலைந்து கிடப்பது அவள் நெஞ்சம் ஒன்றே. மனையை வகுத்த முறையை முன்னரே விரித்துக் கூறியிராவிடின், இம்முரண் இத்துணை ஆழமாகப் புலப்படாது.

பாட்டு பாசறையில் முடிகின்றது. அங்கே கோலும் இல்லை, கயிறும் இல்லை, வகுத்த மனையும் இல்லை. வடக்கினின்று வீசும் காற்றால் பாண்டில் விளக்குகளின் சுடர் தெற்குநோக்கிச் சாய்ந்து எரிகின்றது. அரண்மனையில் திசை காட்டியது ஒருபுறமும் சாயாத ஞாயிறு. பாசறையில் திசை காட்டுவது ஒருபுறமே சாயும் சுடர். அவ்வொளியில் அரசன் நள்ளிரவிலும் உறங்காது, புண்பட்ட வீரரைக் கண்டு ஆறுதல் அளித்துத் திரிகின்றான். வாடை என்னும் பெயரே வடதிசைக் காற்றைக் குறித்தலின், திசை என்பது இப்பாட்டின் தலைப்பிலேயே தங்கியுள்ளது. மனைக்குத் திசை வகுத்தாரைப் பாடிய புலவர் இச்சுடரின் சாய்வையும் பாடினமை தற்செயல் எனக் கொள்ள யாம் ஒருப்படோம்.

ஆகவே நெடுநல்வாடையின் இப்பகுதியை ஆள்வோர்க்கு இரண்டு கடமைகள் உள. வானநூல் வரலாற்றுக்குச் சான்றாக எடுப்போர், பாட்டின் சொல்லையும் உரையின் சொல்லையும் பிரித்து, ஒவ்வொன்றையும் அதனதன் காலத்து வானத்தோடு ஒப்பிட்டுக் கொள்ளல் வேண்டும். இலக்கியமாகப் பயில்வோர், இதனைத் தொழிற்செய்தி என ஒதுக்காது, மறைந்த வானம், அளந்த வானம், எழுதிய வானம் என்னும் மூன்றனுள் நடுவணதாக வைத்துக் காணல் வேண்டும். முன்னதைச் செய்யாவிடின் வரலாறு பிழைபடும். பின்னதைச் செய்யாவிடின் பாட்டு கைநழுவிப் போம்.