ஒன்பதாவது சீட்டு

சீட்டு விரித்துக் குறி பார்க்கும் டாரட்டில் எனக்கு மிகவும் பிடித்தது கெல்டிக் கிராஸ் என்னும் பத்துச் சீட்டு விரிப்பு. ஆர்தர் எட்வர்ட் வெயிட் 1910இல் தன் நூலில் விளக்கியது. முதல் சீட்டு இன்றைய நிலை. அதன்மேல் குறுக்காகக் கிடக்கும் இரண்டாவது, தடை. சுற்றிலும் கடந்ததும் வரப்போவதும். ஒன்பதாவது இடம்தான் அபாரம்: ஆசைக்கும் அச்சத்துக்கும் சேர்த்து ஒரே சீட்டு! வேலையை விடலாமா என்று கேட்பவருக்கு அங்கே ‘எட்டுக் கோப்பைகள்’ என்னும் சீட்டு வரட்டும். அந்தச் சீட்டுக்குப் பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்த ஓவியத்தில், சிவப்பு அங்கி அணிந்தவர் கைத்தடியூன்றி மலைப்பக்கம் நடக்கிறார். பின்னால் கோப்பை அடுக்கு. நடுவில் ஒரு கோப்பைக்கான இடம் காலி. போக ஆசையா, பயமா? கேட்டவர் வாய்திறந்து சொல்லியாக வேண்டும். பத்தாவது சீட்டு காட்டும் முடிவு பலிக்குமென்று நான் நம்பவில்லை. ஆனால் அதற்கு முன் இந்தக் கேள்வியை வைத்த ஒழுங்கு எனக்கு உயர்வாகப் படுகிறது.