புள்ளி வரிசையில் ஒரு மான்

மேற்கு அமெரிக்காவில் மியூல் மான் வேட்டைக்குப் போக விரும்பும் வெளிமாநிலத்துக்காரர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, எந்த மாநிலத்துக்கு விண்ணப்பிப்பது என்பதை. நீண்ட காதும் கவைகவையாகப் பிரியும் கொம்பும் கொண்ட இந்த மான் கொலராடோ, வயோமிங், யூட்டா, ஐடாஹோ, நெவாடா, மொன்டானா எனப் பல மாநிலங்களில் வாழ்கிறது. பல ஆயிரம் டாலர் செலவழிக்க முடிந்தால் குதிரை, கூடாரம், வழிகாட்டி எல்லாவற்றையும் ஒரு வேட்டை ஏற்பாட்டாளர் பார்த்துக்கொள்வார். நான் இங்கே பேசுவது அந்த வசதி இல்லாதவரைப் பற்றி: ஓஹையோவில் ஏதோ ஓர் ஆலையில் வேலை பார்த்து, விடுப்பைச் சேர்த்து வைத்து, தானே வண்டி ஓட்டிப் போய், மானைத் தானே தேடி, கிடைத்தால் இறைச்சியை மலையிலிருந்து தன் முதுகில் சுமந்து இறக்குகிறவர். சட்டப்படியான வேட்டை முடிந்துபோன இந்தியாவிலிருந்து பார்க்கையில் இது அந்நியமான கவலையாகத் தோன்றலாம். எல்லோருக்கும் பொதுவான, ஆனால் எல்லோருக்கும் போதாத ஒன்றை எப்படி நியாயமாகப் பங்கிடுவது என்ற கேள்வி மட்டும் நமக்கு அந்நியமில்லை.

அமெரிக்கச் சட்டத்தில் காட்டு விலங்கு நில உரிமையாளரின் சொத்து அல்ல. மக்களின் பேரால் மாநில அரசு அதைப் பராமரிக்கிறது. ஆகவே ஒவ்வொரு மாநிலமும் தன் குடிமக்களுக்கு முதலிடம் தருகிறது. வெளியார் பல மடங்கு கட்டணம் கட்டி, சிறிய பங்குக்குப் போட்டியிட வேண்டும். மொன்டானாவின் கட்டண வேறுபாட்டை 1978-இல் உச்ச நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. உள்ளூர்க்காரர் ஆண்டு முழுவதும் அந்த மான்களோடு வாழ்கிறார், பயிர்ச்சேதத்தையும் சாலை விபத்தையும் தாங்குகிறார் என்பதால் இந்த முன்னுரிமையில் நான் குறை காணவில்லை. குறை, வெளியாருக்கு மிஞ்சும் சிறு பங்கை அவர்களுக்குள் பிரிக்கும் விதத்தில்தான் இருக்கிறது.

முதலில் நன்மையைச் சொல்லிவிட வேண்டும். ‘டேக்’ எனப்படும் வேட்டைச் சீட்டுகளுக்கு எண்ணிக்கை வரம்பு வைத்தது மானுக்கு நல்லதே செய்தது. கொலராடோ 1999-இல் மான் வேட்டை முழுவதையும் வரம்புக்குள் கொண்டுவந்தது. அதன்பின் முதிர்ந்த கிடா மான்கள் அங்கே கண்ணுக்குத் தெரியும் அளவில் பெருகின. மாறாக மொன்டானாவின் பொதுப் பருவம் ஐந்து வாரம் நீண்டு, நவம்பர் இனச்சேர்க்கைக் காலம் வரை போகிறது. எச்சரிக்கையை மறந்து பெட்டையின் பின்னால் அலையும் கிடாக்கள் எளிதில் சுடப்படுகின்றன. முதிர்ச்சி அடையும் வரை தப்புபவை குறைவு. துப்பாக்கி, தோட்டா விற்பனையில் வசூலிக்கப்பட்டு 1937-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாநிலங்களுக்குப் பிரித்துத் தரப்படும் கூட்டாட்சி வரியும் உரிமக் கட்டணமும்தான் மாநில வனவிலங்குத் துறைகளுக்கு முதுகெலும்பு. நெவாடாவின் நிலத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கும், யூட்டாவிலும் ஐடாஹோவிலும் ஐந்தில் மூன்று பங்குக்கு மேலும் கூட்டாட்சி நிலம். அதன் பெரும்பகுதியில் யாரிடமும் அனுமதி கேட்காமல் ஓர் ஆலைத் தொழிலாளி கூடாரம் அடிக்கலாம். பணக்காரரின் தனிக்காடுகளாக வேட்டை சுருங்கிய நாடுகளோடு ஒப்பிட்டால் இது மிகப் பெரிய செல்வம்.

இந்தச் செல்வத்தின் வாசலில்தான் புள்ளி முறை நிற்கிறது. விண்ணப்பித்து டேக் கிடைக்காவிட்டால் ஒரு புள்ளி சேரும். கொலராடோவில் அதிகப் புள்ளி வைத்திருப்பவருக்கே முதலில் டேக். வயோமிங் வெளியாருக்கான பங்கில் முக்கால் பகுதியைப் புள்ளிப்படி கொடுத்து, கால் பகுதியைக் குலுக்கலுக்கு விடுகிறது. நெவாடாவில் எல்லாம் குலுக்கல்தான், ஆனால் புள்ளிகளின் வர்க்கத்தைக் கணக்கில் எடுக்கிறார்கள்: மூன்று புள்ளிக்காரருக்கு ஒன்பது வாய்ப்பு கூடும், பத்துப் புள்ளிக்காரருக்கு நூறு.

முதல் பார்வைக்கு இதைவிட நேர்மையான ஏற்பாடு இல்லை என்று தோன்றும். காத்திருந்தவருக்கு முன்னுரிமை, யார் மறுக்க முடியும்? ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பெயர்பெற்ற ஒரு பகுதியில் வெளியாருக்கு ஆண்டுக்கு 20 டேக் என்று வைத்துக்கொள்வோம். உச்சப் புள்ளியோடு 600 பேர் நிற்கிறார்கள். அவர்கள் முடிய மட்டும் 30 ஆண்டு ஆகும். அவர்களுக்கு ஒரு புள்ளி கீழே இன்னொரு கூட்டம், அதற்கும் கீழே இன்னொன்று. தேவையான புள்ளி ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போகும். வேட்டைக்காரர்கள் இதைப் ‘பாயிண்ட் க்ரீப்’ என்கிறார்கள். நம் ஊர்ச் சீட்டில் ஆள் கணக்கும் தவணைக் கணக்கும் ஒன்று; கட்டி முடிப்பதற்குள் எல்லோருக்கும் ஒரு முறை உறுதி. இங்கே தவணை மட்டும்தான் உறுதி. புள்ளிக்குக் கட்டணம் உண்டு. நெவாடா, அரிசோனா, யூட்டாவில் விண்ணப்பிக்கவே வேட்டை உரிமம் வாங்க வேண்டும். இன்று சேரும் பதினெட்டு வயதுக்காரர், தன் வாழ்நாளில் எட்ட முடியாத ஒன்றுக்கு ஆண்டுதோறும் பணம் கட்டுகிறார். வருவாயாக இனிப்பதால் மாநிலங்களும் இதை விட மனம் கொள்வதில்லை. இதைப் பங்கீடு என்று என்னால் ஏற்க முடியவில்லை. முதலில் பிறந்தவருக்குப் பரிசு, பின்னால் பிறந்தவருக்குத் தண்டனை.

ஐடாஹோவும் நியூ மெக்சிகோவும் புள்ளியே வைத்துக்கொள்ளவில்லை. இந்த ஆண்டு பெயர் கொடுத்தவருக்கும் முப்பது ஆண்டாகக் கொடுப்பவருக்கும் ஒரே வாய்ப்பு. ஐடாஹோ வெளியாருக்கான பொது டேக்குகளை டிசம்பர் முதல் நாளில் முந்தியவருக்கு விற்று, அந்த இணைய நெரிசல் தாங்காமல் 2026 பருவத்துக்குக் குலுக்கலுக்கு மாறியது, சரியான மாற்றம். நியூ மெக்சிகோவின் குலுக்கலில் ஓர் அநீதி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே 84 விழுக்காடு உள்ளூர்க்காரருக்கு; 10 விழுக்காடு ஏற்பாட்டாளரை அமர்த்திக்கொள்பவருக்கு; தானே வரும் வெளியாருக்கு மிஞ்சுவது 6 விழுக்காடு. பொதுமக்களின் மானில் தனி வணிகத்துக்கு ஒரு பங்கைச் சட்டமே எழுதிக் கொடுத்திருக்கிறது.

வயோமிங்கில் அந்த வணிகம் நிலத்தையே மறிக்கிறது. கூட்டாட்சி அரசு ‘வில்டர்னஸ்’ என அறிவித்த காடுகளில் வெளிமாநிலத்தார் வழிகாட்டியோ உள்ளூர்த் துணையோ இல்லாமல் பெருவிலங்கு வேட்டையாடக் கூடாது. அதே காட்டில் அவர் தனியாக நடக்கலாம், மீன் பிடிக்கலாம், பனியில் படுத்து உறங்கலாம். ஆபத்தைத் தடுக்கவே இந்த விதி என்றால், அந்த ஆபத்து துப்பாக்கியைத் தோளில் மாட்டியதும் எங்கிருந்து வருகிறது? இந்த விதிக்கு நியாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. இன்னொரு பூட்டு தளர்ந்திருக்கிறது. ரயில் நிறுவனங்களுக்கு அரசு நிலத்தை மானியமாகக் கொடுத்த காலத்திலிருந்து சதுரங்கக் கட்டம் போல் கிடக்கும் பொது, தனியார் நிலங்களில், தனியார் மண்ணை மிதிக்காமல் மூலைக்கு மூலை தாண்டிப் போவதை நில உரிமையாளர் தடுக்க முடியாது என்று பத்தாவது மண்டல மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 மார்ச்சில் தீர்ப்பளித்தது. வயோமிங், கொலராடோ, யூட்டா, நியூ மெக்சிகோவை அது கட்டுப்படுத்தும், மொன்டானாவை அல்ல.

மானை மறந்துவிடுவதுதான் புள்ளிக் கணக்கின் ஆழமான கோளாறு. 2022–23 குளிர்காலத்தில் மேற்கு வயோமிங்கில், கழுத்துப்பட்டை மாட்டிக் கண்காணிக்கப்பட்ட அந்த ஆண்டுக் குட்டிகள் ஏறத்தாழ அனைத்தும் மடிந்தன. தாய்களும் பெருமளவில் செத்தன. பல ஆண்டு சேர்த்த புள்ளிகளை அப்பகுதியின் பெயர்பெற்ற மலைகளுக்கென்று வைத்திருந்தவர்களிடம் புள்ளி இருந்தது, மான் இல்லை. வயோமிங்கின் சிவப்புப் பாலைவனத்திலிருந்து ஹோபாக் வரை சுமார் 240 கிலோமீட்டர் வலசை போகும் மந்தைக்கு வழியில் ஒரு வேலியோ எரிவாயுக் கிணறோ போதும், நிலை மாறிவிட. பெரிய கொம்புக்காக முதிர்ந்த கிடாக்களைக் காப்பாற்றி வைப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு: 1967-இல் கொலராடோவில் முதலில் அறியப்பட்டு இன்று பரவிவரும் சி.டபிள்யூ.டி. என்னும் மூளைநோய் முதிர்ந்த கிடாக்களையே அதிகம் பற்றுகிறது. பழைய சாதனைப் பட்டியலைப் பார்த்து மாநிலம் தேர்ந்தெடுப்பவர் இறந்த காலத்துக்கு விண்ணப்பிக்கிறார்.

எனவே என் முடிவு இது. எண்ணிக்கை வரம்பு இருக்கட்டும், புள்ளி போகட்டும். இதுவரை காத்தவர்களுக்குப் பத்தாண்டு அவகாசம் கொடுத்து, டேக்குகளில் பாதியையாவது இப்போதே திறந்த குலுக்கலுக்கு விட வேண்டும். வயோமிங்கின் வழிகாட்டி விதியும் நியூ மெக்சிகோவின் ஏற்பாட்டாளர் பங்கும் நீங்க வேண்டும். அதுவரை, தானே போக நினைப்பவர் இரண்டு மூன்று ஆண்டுக்குள் டேக் கிடைக்கக்கூடிய, திறந்த பொது நிலம் மிகுந்த, குளிர்காலம் கருணை காட்டிய ஒரு பகுதியைத் தேடட்டும். பனி உருகும் பருவத்தில் அந்தப் பகுதிக்கான மாநில உயிரியலாளரைத் தொலைபேசியில் அழைத்து, குட்டிகள் எத்தனை பிழைத்தன என்று கேட்டுவிட்டு விண்ணப்பிக்கட்டும்.