மெய்க்கீர்த்தி இல்லாத அட்டைப்பெட்டி

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆவடியிலிருந்து பெரியப்பா போன் பண்ணினார். "டேய், பாப்பாவுக்கு கிராஃபிக்ஸ் கார்டு வாங்கியாச்சு. ஆனா மாட்டினதுக்கு முன்னாடியும் ஒண்ணுதான், பின்னாடியும் ஒண்ணுதான்கறா. ஒரு எட்டு வந்து பாரு."

பெரியப்பா டேங்க் ஃபேக்டரியில் மெயின்டனன்ஸில் இருந்து ரிடையர் ஆனவர். பாப்பா என்றால் பேத்தி. விஸ்காம் ரெண்டாம் வருஷம். பிளெண்டரில் முப்பரிமாண உருவங்கள் செய்யப் பழகுகிறாள். செமஸ்டர் கடைசியில் ஒரு நிமிட அனிமேஷன் கொடுக்க வேண்டும். வீட்டில் இருப்பது 2013-இல் அவள் அப்பா வாங்கிய கம்ப்யூட்டர்: எச்61 போர்டு, ஐ5-3470 பிராசஸர், 8 ஜிபி ராம். புதுசு வாங்க இப்போதைக்கு வழியில்லை. அதனால் பெரியப்பா தன் பென்ஷன் பணத்தில் நாலாயிரத்துச் சொச்சம் எடுத்துக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் போயிருக்கிறார். கடைக்காரர் கேட்டது ஒரே கேள்வி: "2 ஜிபியா, 4 ஜிபியா சார்?" பெரியப்பா 4 என்று சொல்லியிருக்கிறார். யாராக இருந்தாலும் 4 என்றுதான் சொல்வார்கள்.

அம்பத்தூரிலிருந்து ஆவடிக்கு ரயிலில் மூணாவது ஸ்டேஷன். போய்ப் பார்த்தேன். பெட்டியில் பெரிய எழுத்தில் "ஜிஃபோர்ஸ் ஜிடி 730", அதற்குப் பக்கத்தில் அதைவிடப் பெரிய எழுத்தில் "4 ஜிபி". டிராகன் மாதிரி ஏதோ ஒரு படம். அவ்வளவுதான். இந்தப் பெட்டியைத்தான் இன்றைக்கு விமர்சனம் செய்யப் போகிறேன். வழக்கமாக இங்கே கல்வெட்டு, பழைய வரைபடம் என்று வந்து படிக்கிறவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், இதுவும் கிட்டத்தட்ட அதே வேலைதான்.

எப்படி என்றால், ஒரு கல்வெட்டில் "ராஜேந்திர சோழர்" என்று மட்டும் இருந்தால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அந்தப் பெயரில் மூணு பேர் ஆண்டிருக்கிறார்கள். மெய்க்கீர்த்தி எப்படித் தொடங்குகிறது, ஆட்சியாண்டு எத்தனை, எழுத்து எப்படி இருக்கிறது என்று பார்த்துத்தான் இவர் முதலாமவரா, மூன்றாமவரா என்று முடிவு செய்வார்கள். ஜிடி 730-ம் அப்படித்தான். 2014-இல் என்விடியா அந்தப் பெயரில் வெளியிட்டது ஒரு கார்டு இல்லை, மூணு.

ஒன்று, ஃபெர்மி என்ற பழைய வடிவமைப்பில் 96 கோர், 128 பிட் அகலத்தில் டிடிஆர்3 மெமரி. இரண்டாவது, அதற்குப் பிந்தைய கெப்ளர் வடிவமைப்பில் 384 கோர், ஆனால் மெமரி பாதை 64 பிட்தான், அதுவும் டிடிஆர்3. மூணாவது, அதே 384 கோர், அதே 64 பிட், ஆனால் மெமரி மட்டும் ஜிடிடிஆர்5. மூணுக்கும் பெயர் ஒன்றுதான். ஃபெர்மி கார்டுக்கு டிரைவர் ஆதரவு 2018-லேயே நின்றுபோனது. கெப்ளருக்குப் புது டிரைவர் வருவது 2021-இல் நின்றது. இருந்தும் ஜிடி 730 இன்னும் புதுப் பெட்டியில் வந்து விற்றுக்கொண்டே இருக்கிறது.

பாப்பா வீட்டுக்கு வந்திருந்தது இரண்டாவது ரகம். ஜிபியு-இசட் என்ற இலவச நிரலைப் போட்டுப் பார்த்தால் மெமரி வகை, பாதை அகலம், வேகம் எல்லாம் தெரிந்துவிடும். மெமரி வேகம் விநாடிக்கு 14.4 ஜிபி. ஜிடிடிஆர்5 ரகமாக இருந்திருந்தால் 40 ஜிபி.

இந்த எண்ணை அம்பத்தூர்க்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். மொட்டை மாடியில் 4000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி கட்டிவிட்டு, அதிலிருந்து கீழே அரை இஞ்ச் பைப் போட்டால் குளியலறையில் என்ன வரும்? பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கிற "4 ஜிபி" தொட்டியின் அளவு. பைப்பின் அளவு பெட்டியில் எங்கேயும் இல்லை.

இதைவிட வேடிக்கை ஒன்று இருக்கிறது. அந்த வீட்டு கம்ப்யூட்டரில் டிடிஆர்3-1600 ராம் ரெண்டு குச்சி, ரெண்டு சேனலில் ஓடுகிறது. கணக்குப் போட்டால் விநாடிக்கு 25.6 ஜிபி. அதாவது, ஐ5 பிராசஸருக்குள்ளேயே இலவசமாக இருக்கிற கிராஃபிக்ஸ் (அதை யாரும் மதிப்பதில்லை, சரிதான்) பிராசஸரோடு பங்கு போட்டுக்கொள்கிற குழாயே, நாலாயிரம் கொடுத்து வாங்கின கார்டின் சொந்தக் குழாயைவிடப் பெரிசு. 384 கோர் இருப்பதால் புதுக் கார்டு சில இடங்களில் முந்தும், மறுக்கவில்லை. ஆனால் பாப்பா "ஒரு வித்தியாசமும் இல்லை சித்தப்பா" என்றது பிரமை இல்லை.

ஜிடி 730 பழைய கதை என்று விட்டுவிடலாமா என்றால், அதற்கப்புறமும் இதே வித்தை நின்றபாடில்லை. 2017-இல் வந்த ஜிடி 1030 நல்ல சின்ன கார்டு. 30 வாட்தான், ஜிடிடிஆர்5, விநாடிக்கு 48 ஜிபி. அடுத்த வருஷமே அதே பெயரில் டிடிஆர்4 போட்ட ஒன்றை இறக்கினார்கள். அதில் 16.8 ஜிபி. பைப் மூணில் ஒரு பங்காகிவிட்டது, பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது. 2018-இல் ஏஎம்டி சீனாவுக்கென்று ஒரு ஆர்எக்ஸ் 580 போட்டது. உள்ளே இருந்தது 2304 அல்ல, 2048 ஸ்ட்ரீம் பிராசஸர். அதாவது ஆர்எக்ஸ் 570-க்கு 580 என்ற பெயர்ப்பலகை. 2024-இல் வந்த 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050-உம், 2022-இன் 8 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050-உம் மெமரி அளவில் மட்டும் வேறுபடுகின்றன என்றுதான் பெயரைப் பார்த்தால் தோன்றும். கோரும் குறைவு (2560-க்குப் பதில் 2304), மெமரி பாதையும் 128 பிட்டிலிருந்து 96 ஆகிவிட்டது. அந்த 6 ஜிபி கார்டை நான் திட்ட மாட்டேன். அதற்கு 70 வாட் போதும், தனி பவர் கேபிள் வேண்டாம் என்பது பழைய கம்ப்யூட்டர்காரர்களுக்குப் பெரிய வரம். அதற்கு வேறு பெயர் வைத்திருக்கலாம், அவ்வளவுதான் என் புகார்.

ஃபிரிட்ஜ் வாங்கினால் எத்தனை ஸ்டார், வருஷத்துக்கு எத்தனை யூனிட் என்று முகப்பிலேயே ஒட்டியிருக்கிறது. கிராஃபிக்ஸ் கார்டு பெட்டியில் நம் நாட்டுப் பொட்டலப் பொருள் விதிகளின்படி எம்ஆர்பி இருக்கும், இறக்குமதி செய்தவர் விலாசம் இருக்கும். மெமரி என்ன வகை, பாதை எத்தனை பிட், எத்தனை வாட் என்ற மூணே மூணு வரி போட்டால் பெரியப்பா மாதிரி ஒருத்தர் ஏமாற மாட்டார். கடைக்காரரைக் குறை சொல்லி என்ன பயன்? பெட்டியில் அவர் வாசிக்கவும் அந்த "4 ஜிபி"தான் இருக்கிறது.

கடைக்காரர் அளவுக்குக்கூட நல்லவர்கள் இல்லை இந்த "பாட்டில்நெக் கால்குலேட்டர்" தளங்கள். பிராசஸர் பெயரையும் கார்டு பெயரையும் தட்டினால் "17.3 சதவீதம் பாட்டில்நெக்" என்று தசமப் புள்ளியோடு ஒரு எண்ணைத் துப்பும். எந்த வேலைக்கு, எந்தத் திரை அளவில் என்பதைப் பொறுத்து மாறுகிற ஒரு விஷயத்துக்கு ஒற்றை எண் கொடுப்பது ஜோசியம். பாப்பா அந்தத் தளத்தைப் பார்த்துவிட்டுத்தான் "என் பிராசஸருக்கு இதுக்கு மேல கார்டு போட்டா வீண்" என்று தாத்தாவிடம் சொல்லியிருக்கிறாள். பிளெண்டரில் கடைசியாகப் படத்தை உருவாக்குகிற வேலையில் பெரும்பங்கைக் கார்டே பார்த்துக்கொள்ளும். பிராசஸர் பழசாக இருப்பது அங்கே அவ்வளவு பெரிய தடை இல்லை.

உண்மையான தடை வேறு இடத்தில் இருந்தது. அதைக் கண்டுபிடித்தது நான் இல்லை, பெரியப்பா. கேபினெட் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி நான் ஸ்லாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எஸ்எம்பிஎஸ் மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை வாசித்தார்.

"450 வாட்னு போட்டிருக்கான். ஆனா 12 வோல்ட்டுக்கு 14 ஆம்பியர்தானே குடுத்திருக்கான்? 168 தானேடா ஆச்சு? மீதி எங்க?"

மீதி, கிராஃபிக்ஸ் கார்டு அவ்வளவாகத் தொடாத 5 வோல்ட், 3.3 வோல்ட் கணக்கில் இருக்கிறது. கேபினெட்டோடு இனாமாக வருகிற எஸ்எம்பிஎஸ்களில் இது சகஜம். பிராசஸரும் கார்டும் சாப்பிடுவது பெரும்பாலும் 12 வோல்ட் பந்தியில்தான். ஐ5-3470-க்கு 77 வாட் ஒதுக்கினால் 91 மிச்சம். ஹார்டு டிஸ்க், ஃபேன், பழசானதால் வந்த தளர்ச்சி எல்லாம் போக 70 இருந்தால் புண்ணியம், அதுவும் ஸ்டிக்கர் உண்மை சொன்னால். போர்டில் இருக்கிற பெரிய ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட்தான் கொடுக்கும். அதற்கு மேல் கேட்கிற கார்டுக்கு 6 பின் கேபிள் ஒரு 75, 8 பின் கேபிள் ஒரு 150 என்று எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்தே தனியாக வரவேண்டும். இந்த எஸ்எம்பிஎஸ்ஸில் ரெண்டு கேபிளும் கிடையாது. மோலெக்ஸிலிருந்து மாற்றித் தருகிற ஒட்டு வயர் ரிச்சி தெருவில் சல்லிசாகக் கிடைக்கும். தயவுசெய்து வேண்டாம்.

ஆக, பழைய கம்ப்யூட்டருக்குக் கார்டு தேடுகிறவர்கள் கார்டிலிருந்து ஆரம்பிக்கக் கூடாது, ஸ்டிக்கரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அடுத்து ஸ்லாட். 2022-இல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி-யைப் பாருங்கள். பார்க்க முழு நீள ஸ்லாட்டில் உட்காரும், ஆனால் நாலு தடம்தான் பயன்படுத்தும். பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 போர்டில் அந்த நாலு தடத்தில் விநாடிக்கு கிட்டத்தட்ட 8 ஜிபி போகும். 3.0-இல் 4. இரண்டாம் தலைமுறை ஐ5 வைத்திருப்பவர்களுக்கு 2.0 என்பதால் வெறும் 2. அதில் மெமரியும் 4 ஜிபிதான் என்பதால் நிரம்பியவுடன் இந்தச் சந்து வழியாகத்தான் எல்லாம் போய் வரவேண்டும். புது கார்டு, பழைய போர்டு என்ற சேர்க்கைக்கு இதைவிட மோசமான உதாரணம் எனக்குத் தெரியாது. இன்டெல் ஆர்க் கார்டுகள் விலைக்கு நல்லவைதான், ஆனால் ரீசைஸபிள் பார் என்ற வசதி போர்டில் இருக்க வேண்டும். இன்டெல்லே பத்தாம் தலைமுறைக்குக் கீழே சிபாரிசு செய்வதில்லை. அலுவலகங்கள் கழித்துவிடும் ஒல்லி பிராண்டட் பெட்டிகளை வாங்கினவர்கள் கார்டின் உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள், அரை உயரக் கார்டுதான் உள்ளே போகும்.

கடையில் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. பிரித்த பெட்டி, போய்விட்டது. கடைசியில் நாங்கள் செய்தது: முதலில் 12 வோல்ட்டில் முழு பலம் தருகிற ஒரு நல்ல கம்பெனி எஸ்எம்பிஎஸ். அதற்கப்புறம் பழைய மார்க்கெட்டில் ஒரு ஜிடிஎக்ஸ் 1050 டிஐ. 2016-இல் வந்தது, 75 வாட், 4 ஜிபி ஜிடிடிஆர்5, விநாடிக்கு 112 ஜிபி. இதே பெயரில் ஃபெர்மி காலச் சில்லைப் போட்டு பயாஸை மாற்றி எழுதின போலிகள் உலவுவதால், விற்றவர் வீட்டிலேயே மாட்டி ஜிபியு-இசட் ஓட்டிப் பார்த்தேன். போலியாக இருந்தால் அந்த நிரல் பெயருக்கு முன்னால் அப்படியே எழுதிக் காட்டும்.

இந்தத் தேர்வையும் விமர்சிக்கலாம். 1050 டிஐ இருக்கிற பாஸ்கல் வரிசைக்கு 2025 அக்டோபரோடு புது கேம் டிரைவர்கள் நின்றுவிட்டன. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும் என்று என்விடியா சொல்லியிருக்கிறது. அடுத்த வருஷமே புது கம்ப்யூட்டர் வாங்குகிற உத்தேசம் இருந்தால் அந்த 6 ஜிபி 3050-ஐ வாங்கி, பிறகு அதற்கு மாற்றிக்கொள்வது புத்திசாலித்தனம், போர்டின் பயாஸ் அதை ஏற்றுக்கொண்டால். பெரியப்பா வீட்டில் அந்த உத்தேசம் இல்லை. பாப்பாவுக்கு டிகிரி முடிய இன்னும் ஒன்றரை வருஷம்.

அந்த ஜிடி 730 இப்போது பூந்தமல்லியில் அத்தை வீட்டில் இருக்கிறது. அங்கே ஒரு பழைய கம்ப்யூட்டர், போன மழையில் இடி விழுந்தபோது போர்டில் இருந்த மானிட்டர் போர்ட் மட்டும் போய்விட்டது. கார்டை மாட்டி எச்டிஎம்ஐ கேபிளைச் சொருகினேன், படம் வந்தது. அத்தைக்கு இபி பில் கட்டவும், யூட்யூபில் பிரசங்கம் கேட்கவும் அது தாராளம். அந்த வேலைக்கு 2 ஜிபியே போதும் என்று பெரியப்பாவிடம் சொல்லவில்லை.