ஒண்ணும் இல்லைன்னாலும் எழுதணும்: இயற்கைப் பயிலரங்குகள் பற்றி ஒரு குறிப்பு

கடந்த ஏழெட்டு வருஷத்தில் ஒன்பது இயற்கைப் பயிலரங்குகளுக்குப் போயிருக்கிறேன். பறவை, வண்ணத்துப்பூச்சி, மரம், கடற்கரை உயிரினங்கள் என்று எல்லாமே. பெரும்பாலும் தன்னார்வலர்கள் தங்கள் ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்து, சொந்தக் காசில் டீ வாங்கிக் கொடுத்து நடத்தியவை. அதனால் குறை சொல்லும் முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இவங்க இல்லைன்னா எனக்கு நாமக்கோழிக்கும் தாழைக்கோழிக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது. முப்பத்தஞ்சு வயசு வரைக்கும் காக்கா, குருவி, கொக்கு, இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த பறவை.

இப்போ குறைக்கு வருகிறேன். நம்ம பயிலரங்குகள் பெயர் சொல்லக் கற்றுக்கொடுக்கின்றன. எண்ணக் கற்றுக்கொடுப்பதில்லை. அதே இடத்துக்குத் திரும்பி வரவும் கற்றுக்கொடுப்பதில்லை. இதனால் என்ன நஷ்டம் என்பது எனக்குப் புரிய ஒரு ஏரி போக வேண்டியிருந்தது.

சென்னையின் தெற்குப் புறநகரில் எங்க வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடையில் ஒரு சின்ன ஏரி. அங்கே ஒரு முறை பயிலரங்கு நடந்தது. காலை ஆறரைக்கு முப்பது பேர் கூடினோம். வழிகாட்டியாக வந்தவர் பைனாகுலரில் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "இங்க பெருசா ஒண்ணும் இல்லைங்க, பள்ளிக்கரணை போயிடலாம், பூநாரை வந்திருக்கு" என்றார். எல்லாருக்கும் சந்தோஷம். ரெண்டு வேனில் கிளம்பினோம். பூநாரை பார்த்தோம், படம் எடுத்தோம், சான்றிதழ் வாங்கினோம். மொபைல் கையோடு இருக்கிற ஆள் என்று பட்டியலை ஈபேர்ட் தளத்தில் ஏற்றும் வேலை எனக்கு வந்தது.

ரெண்டு வருஷம் கழித்து அந்தச் சின்ன ஏரியை ஆழப்படுத்தினார்கள். கரையைச் செங்குத்தாக்கிக் கல் பதித்தார்கள், நடைபாதை போட்டார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, தண்ணீரும் நிறைய நிற்கிறது. ஆனால் உள்ளான்களும் நெடுங்கால் உள்ளான்களும் கணுக்கால் அளவு தண்ணீரிலும் சேற்றிலும் மேய்கிறவை. ஆள்காட்டி திறந்த தரையில் முட்டை இடும் பறவை. சரிவான சேற்றுக்கரை போனால் இவற்றுக்கு அங்கே நிற்க இடம் கிடையாது. முங்கி மீன் பிடிக்கிற நீர்க்காகமும் முக்குளிப்பானும்தான் மிஞ்சும்.

குடியிருப்போர் கூட்டத்தில் நாங்கள் நாலைந்து பேர் ஒரு பக்கக் கரையையாவது பழையபடி சரிவாக விடச் சொன்னோம். வந்திருந்த பொறியாளர் மரியாதையாகத்தான் கேட்டார்: "முன்னாடி இங்க என்ன பறவை இருந்துச்சு, எத்தனை இருந்துச்சு, ஏதாவது ரெக்கார்டு இருக்கா சார்?"

நியாயமான கேள்வி. வீட்டுக்கு வந்து அன்றைய பட்டியலைத் திறந்தேன். ஏரியில் பார்த்தவற்றையும் பள்ளிக்கரணையில் பார்த்தவற்றையும் ஒரே பட்டியலாக்கி, இடம் பள்ளிக்கரணை என்று போட்டிருந்தேன். எண்ணிக்கைக்குப் பதிலா எல்லாத்துக்கும் நேராக வெறும் பெருக்கல் குறி. முப்பது பேர் கண்ணால் பார்த்த ஒரு ஏரி, பதிவில் இல்லவே இல்லை. வழிகாட்டியைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை, ஏற்றியது நான்.

என் தொழிலில் இது பாலபாடம். டேட்டாபேஸில் பூஜ்யமும் வெற்றிடமும் ஒன்றல்ல. பூஜ்யம் என்றால் போய்ப் பார்த்தோம், இல்லை. வெற்றிடம் என்றால் யாரும் பார்க்கவே இல்லை. "இங்க ஒண்ணும் இல்லை" என்று சொல்லிவிட்டு வேன் ஏறும்போது நாம் ஒரு தகவலை வெற்றிடமாக மாற்றுகிறோம். ஆபீஸில் இதை ஒரு ஜூனியர் செய்தால் நானே திருத்துவேன். ஏரிக்கரையில் எனக்கே தோணவில்லை.

2002-இல் தொடங்கிய ஈபேர்ட் தளம் பட்டியல் ஏற்றும்போது ஒரு கேள்வி கேட்கும்: நீங்கள் அடையாளம் கண்ட எல்லாப் பறவையையும் எழுதிவிட்டீர்களா? நிறைய பேர் யோசிக்காமல் தட்டிவிட்டுப் போகும் கேள்வி அது. மொத்த ஆராய்ச்சியும் அதன் மேல்தான் நிற்கிறது. நூறு முழுப் பட்டியலில் எத்தனை பட்டியலில் ஒரு பறவை இருக்கிறது, அந்த விகிதம் வருஷா வருஷம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்கிறார்கள். காக்காவையும் மைனாவையும் விட்டுவிட்டு அபூர்வமானதை மட்டும் எழுதினால் இந்தக் கணக்கு வராது.

இந்தக் கணக்கு என்ன செய்யும் என்பதற்குச் சிட்டுக்குருவி நல்ல உதாரணம். செல்போன் டவரால் அழிந்தே போச்சு என்று நாம் எல்லாரும் ஃபார்வர்டு பண்ணினோம். இந்தியப் பறவைகளின் நிலை பற்றி 2020-இல் வந்த அறிக்கை, பறவை பார்ப்பவர்கள் ஏற்றிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளை வைத்துச் சொன்னது வேறு: நாடு முழுக்கப் பார்த்தால் சிட்டுக்குருவி ஏறக்குறைய நிலையாக இருக்கிறது, பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது. 2023 அறிக்கையில் கவலைக்குரியதாக வந்தது பனங்காடை. மின்கம்பியில் சாதாரணமாக உட்கார்ந்திருக்கும் பறவை என்று நாம் அலட்சியமாகக் கடந்து போனது.

சாதாரண இடத்துக்கும் ஒரு உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. கேரளத்தில் 2015 முதல் 2020 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் சேர்ந்து மாநிலம் முழுவதற்கும் பறவை அட்லஸ் தயாரித்தார்கள். மாநிலத்தைக் கட்டங்களாகப் பிரித்து, போக வேண்டிய கட்டங்களைக் குலுக்கல் மாதிரி தேர்ந்தெடுத்தார்கள். உங்கள் பங்குக்கு ரப்பர் தோட்டம் வந்தால் ரப்பர் தோட்டம், பஸ் ஸ்டாண்டு வந்தால் பஸ் ஸ்டாண்டு. மழைக்காலத்தில் ஒரு தடவை, வறண்ட காலத்தில் ஒரு தடவை. கிட்டத்தட்ட மூணு லட்சம் பதிவு, 361 இனம். "இங்க ஒண்ணும் இல்ல, வேற இடம் போலாம்" என்ற பேச்சுக்கே அதில் இடமில்லை.

சென்னையிலும் இப்படி ஒரு வேலை நடக்கிறது. கடல் ஆமைகளுக்காக 1988 முதல் இங்கே மாணவர்கள் கடற்கரையில் இரவு நடக்கிறார்கள். வார இறுதியில் பொதுமக்களையும் கூட்டிப் போவார்கள், நானும் போயிருக்கிறேன். மூணு மணி நேரம் மணலில் நடந்து ஒரு ஆமைகூடப் பார்க்காமல் திரும்பினோம். கூட வந்த ஒருவர் சலித்துக்கொண்டார். நடத்திய பையன் சிரித்துக்கொண்டே "இன்னைக்கு இல்லைன்னு எழுதிக்கணும் சார், அவ்வளவுதான்" என்றான். அன்று அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கில் செத்த ஆமைகள் ஒதுங்கியபோதுதான் உறைத்தது. இது வழக்கத்துக்கு மாறானது என்று அடித்துச் சொல்ல ஆள் இருந்தார்கள். வழக்கம் என்ன என்பது அவர்களுக்குத் தெரியும், ஏனென்றால் ஒண்ணும் வராத இரவுகளிலும் நடந்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு மறுப்பு வரும். ஞாயிற்றுக்கிழமை குழந்தையைக் கூட்டிக்கொண்டு வருபவரிடம் படிவம் நீட்டினால் அடுத்த முறை வருவாரா? பூநாரை பார்த்த சந்தோஷம்தானே உள்ளே இழுக்கும்? சரிதான். என்னையும் அப்படித்தான் இழுத்தது. பூநாரை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடைசி அரை மணி நேரத்தை மட்டும் கேட்கிறேன். கூடிய இடத்திலேயே எல்லாரும் பதினைந்து நிமிஷம் நின்று, காக்கா உட்பட கண்ணில் படும் எல்லாவற்றையும் எண்ணுங்கள். அந்த இடத்தின் பெயரிலேயே ஏற்றுங்கள். சான்றிதழ் கொடுக்கும் முன், அடுத்த மாதம் இதே இடத்துக்கு யார் வருவீர்கள் என்று கேளுங்கள். முப்பது பேரில் ரெண்டு பேர் கை தூக்கினால் போதும், அந்தப் பயிலரங்கு வெற்றி.

2015 முதல் ஒவ்வொரு பொங்கலுக்கும் நான்கு நாள் பறவை கணக்கெடுப்பு நம்ம மாநிலத்தில் நடக்கிறது. அதில் வீட்டு மொட்டைமாடியிலிருந்து எண்ணினாலும் சேரும். பயிலரங்கு நடத்துபவர்கள் தங்கள் ஆட்களை அதில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால்கூடப் பாதி வேலை முடிந்தது.

எங்க ஏரிக்கு அந்தக் கேள்விக்கான பதில் கடைசிவரை கிடைக்கவில்லை. கரை முழுக்கக் கல்தான். இப்போது சனிக்கிழமை தோறும் காலையில் பதினைந்து நிமிஷம் போய் நிற்கிறேன். போன வாரப் பட்டியல்: காக்கா 14, மைனா 6, நீர்க்காகம் 3, முக்குளிப்பான் 2, வெண்மார்பு மீன்கொத்தி 1. உள்ளான் இல்லை. இனி யாராவது ரெக்கார்டு கேட்டால் இந்தத் தேதியிலிருந்தாவது காட்டலாம்.