இடைக்காலப் படைப்பா, அடிக்கல்லா?
‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பை மறுபடி எடைபோடும்போது

இளையராஜாவின் இசையைக் கேட்டுத் தரம் பிரிப்பது கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு தனி மரபாகவே வளர்ந்திருக்கிறது. மேகமலைக்கும் கேரள எல்லை மலைகளுக்கும் நடுவில் கிடக்கும் இந்த மண்ணில், கோம்பைக்கும் தேவாரத்துக்கும் இடையிலுள்ள பண்ணைப்புரத்தில் 1943-இல் பிறந்தவர் அவர். எந்தப் படம் உயர்ந்தது, எந்தப் பாடலில் எந்த ராகம் என்று இங்கே நடக்காத விவாதம் இல்லை. 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் ஃபில்ஹார்மானிக் இசைக்குழு அவருடைய ‘வேலியன்ட்’ சிம்பொனியை அரங்கேற்றிய பிறகு, 1986-இல் வந்த ‘ஹவ் டு நேம் இட்’ பக்கம் ரசிகர்களின் காது மறுபடி திரும்பியிருக்கிறது. அதில் படம் இல்லை, பாட்டு வரி இல்லை. பத்து வாத்திய இசைப் படைப்புகள், தியாகராஜருக்கும் யோஹான் செபாஸ்டியன் பாக்குக்கும் காணிக்கையாக. திரையிசையிலிருந்து சிம்பொனிக்குப் போகும் வழியில் எழுதிப் பார்த்த பயிற்சி என்று அதை ஓரமாக வைப்பது நெடுநாள் வழக்கம். அந்த வழக்கம் தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். இடைக்காலத்தில் பிறந்தது என்பது அதன் குறை அல்ல. பின்னால் வந்த பெரிய முயற்சிகளுக்கெல்லாம் அடிப்படையான கேள்வியை அதுதான் முதலில் முழுமையாக எழுப்பியது. அதை எடைபோட நம்மிடம் பழகிப்போன அளவுகோல்கள் எவையும் தனித்துப் போதா.

அந்த அளவுகோல்களை மூன்று பள்ளிகளாகப் பிரிக்கலாம். முதலாவது மண்ணிசைப் பள்ளி. அண்ணன் பாவலர் வரதராசன் பொதுவுடைமை மேடைகளில் பாடிய பாட்டுகளும், 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் தோட்டத் தொழிலாளர் நடுவே ஒலித்த அவருடைய குரலும் இந்தப் பள்ளிக்கு வேர். தெம்மாங்கும் தாலாட்டும் ஒப்பாரியும் ‘அன்னக்கிளி’ (1976) வழியாகத் திரைக்கு வந்ததே இவர்களுக்கு உச்சம். வேலை செய்துகொண்டே வாய்விட்டுப் பாட முடிகிறதா என்பதே இவர்களின் உரைகல். இரண்டாவது ராகப் பள்ளி. டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் கர்நாடக இசை பயின்றதையும், தேசிய விருது பெற்ற ‘சிந்து பைரவி’யையும் (1985) இவர்கள் முன்னிறுத்துவார்கள், ராகத்தின் உருவம் கலையாமல் இருக்கிறதா, கமகம் சரியாக விழுகிறதா என்று பார்ப்பார்கள். மூன்றாவது மேற்கத்திய இசைப் பள்ளி. சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் கற்ற பாடம், லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிதார் தேர்வு ஆகியவற்றிலிருந்து தொடங்கி, ஸ்வரக்கூட்டும் எதிர்மெட்டும் வடிவக் கட்டுக்கோப்பும் எப்படி நிற்கின்றன என்று ஆராய்வது இவர்கள் வழி. மூன்றும் நேர்மையான அளவுகோல்கள்தாம். ஆனால் இந்தத் தொகுப்பை எடுத்ததும் மூன்றுமே முகம் சுளிக்கின்றன. முதல் பள்ளிக்கு அதில் பாட்டு இல்லை. இரண்டாவதற்கு ராகம் நெருக்கப்பட்டதாகத் தோன்றுகிறது. மூன்றாவதற்கு பாக்கையே நேரடியாகக் கேட்டுவிடலாமே என்றிருக்கிறது.

மூன்று பள்ளியும் ஒரே படைப்பில் தங்கள் பொருளைத் தேடி ஏமாறுகின்றன என்றால், அந்தப் படைப்பு வேறொன்றைச் செய்ய முயல்கிறதா என்று கேட்டாக வேண்டும். அந்த வேறொன்றை இழை எழுதுதல் எனலாம். ஒரு மெட்டுக்குத் துணை சேர்ப்பது ஒரு வேலை. ஒரே நேரத்தில் ஓடும் பல மெட்டுகளை, ஒவ்வொன்றும் தனியாகக் கேட்டாலும் மெட்டாகவே நிற்கும்படி எழுதுவது வேறு வேலை. இளையராஜா இதைத் திரையிலேயே பழகிவந்தார். ‘சிட்டுக்குருவி’ (1978) படத்தில் பேருந்தில் நிகழும் டூயட்டில் ஆண் குரலும் பெண் குரலும் வெவ்வேறு மெட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பாடுகின்றன. ‘ராஜ பார்வை’யில் (1981) வயலின் கலைஞனே நாயகன் என்பதால் வாத்தியக் குழுவுக்கென்று ஒரு முழுப் படைப்பை எழுத இடம் கிடைத்தது. அவருடைய பாடல்களில் பேஸ் கிதார் அடிச்சுருதியை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை; தனக்கென ஒரு பாதையில் நடக்கிறது. ஆனால் திரைப்பாடலில் பல்லவி, சரணம், காட்சியின் நீளம் என்ற வேலிகள் உண்டு. இழைகள் எவ்வளவு தூரம் போகும் என்று அங்கே சோதிக்க முடியாது. அந்த வேலிகளை எடுத்துவிட்டுச் சோதித்த முதல் களம் 1986 தொகுப்பு.

அந்தச் சோதனையின் நடுவில் வி.எஸ். நரசிம்மனின் வயலின் நிற்கிறது. ‘மேட் மாட் மூட் ஃபியூக்’ என்ற படைப்பின் வடிவமே கடுமையான நிபந்தனை போடுவது. ஒரு குரல் தொடங்கிய கருவை அடுத்த குரல் வேறொரு ஸ்வர நிலையிலிருந்து ஏற்க வேண்டும். முதல் குரல் ஓயாமல் எதிர்மெட்டு போட வேண்டும். ‘சேம்பர் வெல்கம்ஸ் தியாகராஜா’வில் மேற்கத்திய சிற்றரங்கத் தந்திக் குழுவின் பேச்சுக்குள் கர்நாடக நடை நுழைகிறது. இரண்டு மொழிகளையும் அடுத்தடுத்து ஒட்டிவைத்திருந்தால் வேலை எளிது: நான்கு நிமிடம் ஆலாபனை, நான்கு நிமிடம் ஆர்க்கெஸ்ட்ரா என்று முடித்துவிடலாம். கிழக்கும் மேற்கும் சந்தித்ததாகச் சொல்லப்படும் பல மேடைகளில் நடப்பது இதுதான். இங்கே வயலின் ஒரே வில்வீச்சில் இரு வேலையும் செய்கிறது: கமகத்தால் ராகத்தைக் காட்டிக்கொண்டே, எதிர்மெட்டில் தனக்குரிய கடமையையும் நிறைவேற்றுகிறது. அந்த இரட்டைப் பொறுப்பு எந்த இடத்தில் நிறைவேறுகிறது, எங்கே தளர்கிறது என்பதே இந்தத் தொகுப்புக்குரிய நியாயமான அளவுகோல்.

இதற்கு எழும் முதல் எதிர்வாதம் ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ பற்றியது. பாக்கின் மூன்றாம் வயலின் பார்ட்டீட்டாவின் முன்னிசையை அப்படியே வாசிக்கவிட்டு, அதன்மேல் புதிய தந்தி இழைகளை ஏற்றியிருக்கிறார்; தனி வயலினுக்கென்று எழுதிய முழுமையான படைப்பில் கைவைக்கலாமா என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்கு பாக்கே பதில் சொல்லியிருக்கிறார். 1720-ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படியிலுள்ள அதே முன்னிசையை, 1731-இல் லைப்சிக் நகரமன்றத்துக்காக எழுதிய கன்டாட்டாவின் தொடக்கத்தில் ஆர்கனுக்கு மாற்றி, எக்காளங்களும் முரசும் தந்திகளும் சேர்த்துப் பெரிய இசைக்குழுப் படைப்பாக்கியவர் அவர். பிற்காலத்தில் ஷூமன் இந்த வயலின் படைப்புகளுக்கெல்லாம் பியானோ துணை எழுதினார். பாக்கின் இன்னொரு முன்னிசைமேல் கூனோ ஏற்றிய மெட்டை உலகமே பாடுகிறது. ஆகவே கைவைத்தாரா என்பது கேள்வியே அல்ல. வைத்த கை என்ன சேர்த்தது என்பதே கேள்வி. பாக்கின் ஒற்றை வயலின் ஓட்டத்துக்குள் மறைந்திருக்கும் பல குரல்களை ஊகித்து, அவற்றுக்குத் தன் பங்கு மறுமொழியை இளையராஜா வெளிப்படையாக எழுதிக் காட்டுகிறார். மாணவன் ஆசிரியரோடு உரையாடும் முறை இது.

இரண்டாவது எதிர்வாதம் கனமானது. ராகம் ஒற்றை இழையில் வாழ்வது. அதனடியில் வேறு ஸ்வரங்களை ஒலிக்கவிட்டால், ஒரு ஸ்வரத்துக்கு மற்ற ஸ்வரங்களோடு உள்ள உறவே மாறி, கமகத்தின் நுட்பம் மழுங்கும் என்கிறது ராகப் பள்ளி. இதில் உண்மை உண்டு. வேகமான இடங்களில் இழைகள் நெருங்கும்போது ஸ்வரங்கள் நேராக நிறுத்தப்படுவதையும், ஆலாபனைக்குரிய நிதானம் கிடைக்காமல் போவதையும் இந்தத் தொகுப்பில் கேட்கலாம். ஆனால் இதை மரபு மீறல் என்று ஒதுக்குவது நம் மரபின் வரலாற்றையே மறப்பதாகும். வயலின் என்ற கருவியே பாலுசுவாமி தீட்சிதர் காலத்தில் ஐரோப்பியரிடமிருந்து கர்நாடக மேடைக்கு வந்தது. முத்துசுவாமி தீட்சிதர் மேற்கத்திய மெட்டுகளுக்கு சமஸ்கிருதச் சாகித்தியம் அமைத்து நோட்டு ஸ்வரங்களாகத் தந்தார். அவர்கள் வாங்கிக்கொண்டது கருவியையும் மெட்டையும். பல இழைகளை ஒன்றாக நடத்தும் அறிவு மட்டும் எஞ்சி நின்றது. அதை வாங்கிக்கொள்ள முயன்றவரை, வாங்கும்போது ஏற்பட்ட சிராய்ப்புகளுக்காக மட்டும் தண்டிக்க முடியாது. 1993-இல் நரசிம்மன் மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டைத் தொடங்கி, கர்நாடகக் கீர்த்தனைகளை நான்கு தந்திக் கருவிகளுக்குப் பிரித்து அமைத்தார். ராகத்துக்கு இழைகள் பகையல்ல என்ற நம்பிக்கை ஒருவரோடு நின்றுவிடவில்லை என்பதற்கு அதுவே சான்று.

மூன்றாவது, டிரம்ஸும் பேஸ் கிதாரும் ஒலிக்கும்போது இது திரைப்படப் பின்னணி இசைபோல ஆகிவிடுகிறது என்பது. பாலு மகேந்திரா 1988-இல் ‘வீடு’ படத்துக்கு இந்தத் தொகுப்பின் இசையையே பயன்படுத்தியதை இதற்குச் சான்றாகக் காட்டுவோரும் உண்டு. அந்தச் சான்று எதிர்ப்பக்கம்தான் பேசுகிறது. பாடலே இல்லாத, மிகை உணர்ச்சிக்கு இடம் தராத ஒரு படம், தனக்காக எழுதப்படாத இசையை ஏற்று நின்றது என்றால், அந்த இசைக்குக் காட்சியின் துணையின்றியே உள்ளமைப்பு இருந்தது என்று பொருள். தாளக் கருவிகள் தங்கள் காலத்தின் ஒலியைக் கொண்டுவந்தன என்பது மெய்தான். இடைக்காலப் படைப்புகள் எல்லாவற்றுக்கும் அந்தத் தழும்பு உண்டு. ஜெத்ரோ டல் என்ற ஆங்கிலேய ராக் குழு 1969-இல் வெளியிட்ட ‘ஸ்டாண்ட் அப்’ இசைத்தட்டு, ப்ளூஸிலிருந்து புராகிரஸிவ் ராக்குக்கு அவர்கள் தாண்டிய காலத்தது; அதிலும் பாக்கின் நடன இசை ஒன்று புல்லாங்குழலில் வருகிறது. பழைய வீட்டின் சாமான் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருப்பதாலேயே அதை யாரும் தள்ளிவிடவில்லை. குழுவின் பிற்காலம் எங்கே தொடங்கியது என்று அறிய அதையே எடுக்கிறார்கள்.

பின்னால் வந்தவற்றோடு ஒப்பிட்டால் வாதம் இன்னும் தெளிவாகும். ‘நத்திங் பட் விண்ட்’ (1988) ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலுக்கு இந்துஸ்தானி விரிவின் சுதந்திரத்தைத் தந்தது. அதனால் அது கேட்க இனிமையானது. ஆனால் தனிக் கலைஞர் முன்னேயும் குழு பின்னேயும் என்ற பிரிவு அங்கே கூடுகிறது. புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவோடு அமைந்த ‘திருவாசகம்’ (2005) மாணிக்கவாசகரின் சொல்லைத் துணையாகக் கொண்டது. சொல்லும் இன்றி, விருந்தாளிக் கலைஞரின் புகழும் இன்றி, இழைகளின் வலிமையை மட்டும் நம்பி நின்றது 1986 தொகுப்பு. அதனால் அதன் குறைகள் மறைய இடமில்லாமல் தெரிகின்றன; அதன் வெற்றிகளும் வேறு எதற்கும் கடன்படவில்லை.

நான்காம் அளவுகோல் ஒன்றை ஏற்றுக்கொண்டால், மற்ற மூன்று பள்ளிகளையும் கைவிட வேண்டியதில்லை. வாய்விட்டுப் பாடும் பழக்கமுள்ளவர், மேலே ஓடும் வயலினை விட்டுவிட்டு அடியில் ஓடும் இழை ஒன்றைப் பாடிப் பார்க்கட்டும். அதுவும் ஒரு மெட்டு என்று அவருக்கே புலப்படும். ராகம் அறிந்தவர், எந்த இழையில் ராகம் உயிரோடிருக்கிறது, எதில் வெறும் ஸ்வரமாகிறது என்று பிரித்துக் காட்டட்டும். மேற்கத்திய இசை பயின்றவர், கருவும் மறுமொழியும் எங்கே இறுகுகின்றன, எங்கே தளர்கின்றன என்று சொல்லட்டும். அதற்கும் மேல் ஒன்று வேண்டும்: தேனி, பெரியகுளம், கம்பம் பிள்ளைகள் வயலினையும் செல்லோவையும் கையிலெடுத்து இந்தப் பத்துப் படைப்புகளையும் மேடையில் வாசிக்க வேண்டும். பாக்கின் பார்ட்டீட்டா முந்நூறு ஆண்டுகளாக உயிரோடிருப்பது தலைமுறைதோறும் புதிய கைகள் வாசித்ததால். ‘ஹவ் டு நேம் இட்’ பயிற்சியா, அடிக்கல்லா என்ற வழக்கு, அதை எழுதியவர் பிறந்த பள்ளத்தாக்கின் பிள்ளைகள் வாசித்துக் காட்டும்போது ஐயமின்றித் தீரும்.